பாடியும் தீரவில்லையே... குறை யாரிடம்?

குழந்தைக்குக் காய்ச்சல். ராத்திரி மணி 12. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைப் புகட்டியாகிவிட்டது. நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, உதடுகள் தன்னால் கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுகின்றன. இப்படி ஒரு ராத்திரியைக் கடக்காத தாய் நம்மில் யாராவது உண்டா?

மருந்து உடம்புக்கு, பாட்டு மனசுக்கு என்று நாம் கணக்குப் பார்த்துப் பிரிப்பதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிறோம். விடிவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டால், 'முருகா!' என்று ஒரு கும்பிடு. சுவாமி விளக்குக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய். அதற்குப் பிறகு வழக்கம்போல அடுப்படி வேலை.

ஆனால், எல்லா ராத்திரிகளும் அப்படி விடிவதில்லையே! மாதக்கணக்கில் பாடியும் தீராத நோய்கள் இருக்கின்றன. ஒரு மண்டலம் விடாமல் பாராயணம் செய்தும் நம் கையை விட்டுப் போன உயிர்கள் இருக்கின்றன. அந்தச் சமயம் பார்த்து, ஆறுதல் சொல்ல வந்தவர்களில் யாராவது ஒருவர் சொல்வார்: 'மனசு ஒன்றிப் பாடியிருந்தால் கட்டாயம் பலித்திருக்கும்!'

சொன்னவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கேட்டவளுக்கோ அது காலத்துக்கும் தைத்துக்கொண்டே இருக்கும். 'நான்தான் சரியாகப் பாடவில்லையோ? அன்றைக்கு அடுப்பில் பால் பொங்குகிறதே என்று பாதியில் எழுந்து போனேனே... அதனால்தானோ?' என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வாள்.

உண்மையில் குறை யாரிடம்? பாடியவளிடமா, பாட்டிடமா... இல்லை, கேட்டும் கேளாமல் இருந்த தெய்வத்திடமா?

கஷ்டமான கேள்விதான். ஆனால், ஒதுக்கிவிடக் கூடிய கேள்வி அல்ல. பதில் தேடுவதற்கு, இசை சொல்லிக்கொடுத்த இரண்டு ஆசிரியர்களைச் சந்தித்துவிட்டு வரலாம். பாடம் நடத்திய இருவருமே ஒரு கட்டத்தில் அந்த இசையைக்கொண்டே நோயாளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர்கள். ஒருவர் நம் திருவாரூர்க்காரர். இன்னொருவர் கடல் கடந்த தேசத்தவர்.

திருவாரூரில் ஒரு வயிற்று வலி

சங்கீத மும்மூர்த்திகள் மூவரையும் பெற்றெடுத்த புண்ணிய பூமி, திருவாரூர். அந்த மூவரில் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதருக்குச் சீடர்கள் பலர். தஞ்சை நால்வர் என்று நாட்டிய உலகம் கொண்டாடும் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் அவரிடம் பயின்றவர்கள்தான். சுத்த மத்தளம் வாசிப்பதில் பேர்பெற்ற தம்பியப்பனும் அந்தச் சீடர்களில் ஒருவர்.

இந்தத் தம்பியப்பனுக்குப் பொறுக்க முடியாத வயிற்று வலி வந்ததாம். சோதிடமும் அறிந்தவரான தீட்சிதர், சீடனின் ஜாதகத்தைப் பார்த்தார். குரு பகவானின் நிலை சரியில்லை என்று கண்டார். குருவைத் துதித்து, அடாணா ராகத்தில் 'ப்ருஹஸ்பதே' என்ற கீர்த்தனையை இயற்றினார். அதைத் தம்பியப்பனுக்குச் சொல்லிக்கொடுத்து, பாடி வரச் சொன்னார். சில நாட்களில் வலி தீர்ந்தது. தொடர்ந்து மற்ற கிரகங்களுக்கும் கீர்த்தனைகள் பிறந்தன. நவக்கிரக கீர்த்தனைகள் தோன்றிய வரலாறாக வழிவழியாகச் சொல்லப்படுவது இதுதான்.

'குரு ப்ரீதிக்கு ஒரு பாட்டு. பாடினால் வயிற்று வலி போகும்' என்று இந்தக் கதையைச் சுருக்கிவிடுகிறோம். சற்றே நிதானமாகப் பாருங்கள். இதில் நாம் கவனிக்கத் தவறும் விஷயங்கள் மூன்று இருக்கின்றன.

முதலாவது... தீட்சிதர் தானே பாடிக் குணப்படுத்த முனையவில்லை! நாத உபாசகர், வீணையில் வல்லவர். 'நீ படுத்துக்கொள், நான் பாடுகிறேன். வலி போகும்' என்று சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. பாட்டைச் சீடன் கையில் கொடுத்தார். பாட வேண்டியவன் தம்பியப்பன். மருந்து பாடமாக வந்தது. நோயாளி, நோயாளியாகப் படுத்துக் கிடக்காமல் மாணவனாக எழுந்து உட்கார்ந்தான்.

இரண்டாவது... அந்தப் பாட்டின் தாளம். சின்ன வயதில் பாட்டு வகுப்புக்குப் போன வாசகியருக்கு இது உடனே புரியும். சரளி வரிசை, ஜண்டை வரிசை முடிந்ததும் அலங்காரம் சொல்லிக்கொடுப்பார்கள் அல்லவா? துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்று ஏழு தாளங்கள். தீட்சிதரின் வார கீர்த்தனைகள் ஏழும் இதே ஏழு தாளங்களில், இதே வரிசையில் அமைந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சூரியனுக்குத் துருவம், திங்கள் சந்திரனுக்கு மட்டியம், செவ்வாய்க்கு ரூபகம், புதனுக்கு ஜம்பை, வியாழன் குருவுக்குத் திரிபுடை, வெள்ளி சுக்கிரனுக்கு அட, சனிக்கு ஏகம்! ஆரம்பப் பள்ளி மாணவனும் கையால் தட்டிப் பழகிய அதே தாளங்கள். தம்பியப்பனோ தாளத்திலேயே வாழ்ந்த மத்தளக்காரர். அவருக்குப் பழக்கமான மொழியிலேயே குரு அவரிடம் பேசியிருக்கிறார்.

மூன்றாவது... அந்த ராகம். வலியில் துடிப்பவனுக்கு நீலாம்பரி மாதிரி தாலாட்டும் ராகத்தைத்தான் நாமாக இருந்தால் தேடுவோம். தீட்சிதர் கொடுத்தது அடாணா. கம்பீரமான, நிமிர்ந்து நிற்கிற ராகம். சீடனைத் தூங்க வைக்க நினைக்கவில்லை அவர், எழுப்ப நினைத்திருக்கிறார்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. ஆசிரியராக இருந்தவர் திடீரென்று வைத்தியராக மாறிவிடவில்லை. ஆசிரியராகவே இருந்துதான் வைத்தியம் பார்த்திருக்கிறார். தன் சீடனை நன்றாக அறிந்திருந்தார், அவனுக்கென்று ஒரு பாட்டைக் கட்டினார், கற்றுக்கொடுத்தார், பிறகு விலகிக்கொண்டார். மிச்சத்தை குரு பகவானிடம் விட்டுவிட்டார்.

நம் அடியார்களின் வரலாறுகளில் இதே ஒழுங்கைப் பல இடங்களில் காணலாம். சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசருக்குத் தமக்கை திலகவதியார் திருநீற்றைக் கொடுத்தார். திருவதிகை சந்நிதியில் நின்று பாடியது நாவுக்கரசரேதான். வாத நோயால் முடங்கிய மேல்பத்தூர் நாராயண பட்டதிரி, குருவாயூரப்பன் சந்நிதியில் நாளுக்கு ஒரு தசகமாக நூறு நாட்களில் நாராயணீயத்தைப் பாடி முடித்தது 1586-ல். அதையும் பாடியவர் நோயாளிதான். அந்த வாத நோயே, தன் குருவான அச்யுத பிஷாரடியிடமிருந்து அவர் விரும்பி ஏற்றுக்கொண்டது என்பார்கள். திருவாரூரில் சீடனின் வலியைத் தீர்க்க முனைந்த குரு. குருவாயூரில் குருவின் வலியைத் தன் மேல் வாங்கிக்கொண்ட சீடன்!

பிறருக்காகப் பாடியவர்களும் உண்டு. திருச்சிக்கு அருகே உள்ள திருவாசியில், முயலகன் என்னும் நோயால் உணர்விழந்து கிடந்த கொல்லி மழவனின் மகளுக்காகத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடினார் என்கிறது பெரிய புராணம். ஆனால், அந்தச் சிறுமி பாடும் நிலையில் இல்லை. பாட முடியாதவருக்காகப் பாடுவது கருணை. பாட முடிந்தவரைப் பாட வைப்பது அதனினும் பெரிய கருணை.

பேராசிரியர் பதவியை விட்டவர்

இப்போது இன்னோர் ஆசிரியரைப் பார்ப்போம்.

பெயர், பால் நோர்டாஃப். 1909-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பிறந்தவர். பியானோ கலைஞர், இசையமைப்பாளர், நியூயார்க் மாகாணத்தில் உள்ள பார்ட் கல்லூரியில் இசைப் பேராசிரியராக இருந்தவர். ஊரும் உலகமும் மதிக்கிற உத்தியோகம்.

1958-ல் ஐரோப்பாவுக்குப் போனவர், இங்கிலாந்தில் சன்ஃபீல்ட் என்ற ஓர் இல்லத்தைப் பார்த்தார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் இடம் அது. பேசாத குழந்தைகள், யாரையும் ஏறிட்டுப் பார்க்காத குழந்தைகள், காரணம் புரியாமல் வீறிட்டு அழும் குழந்தைகள். அந்த இல்லத்தில் ஆசிரியராக இருந்தவர் க்ளைவ் ராபின்ஸ். 1959-லிருந்து இருவரும் சேர்ந்து அந்தக் குழந்தைகளோடு வேலை செய்யத் தொடங்கினார்கள். நோர்டாஃப் பியானோவின் முன்னால். ராபின்ஸ் குழந்தையின் பக்கத்தில். பேராசிரியர் பதவிக்கு நோர்டாஃப் திரும்பிப் போகவில்லை. 1977-ல் மறையும் வரை அவருடைய வாழ்க்கை இந்தக் குழந்தைகளுக்குத்தான்.

பாட்டு வாத்தியார் என்ன செய்வார்? 'நான் பாடுகிறேன், அதேபோல் நீ பாடு' என்பார். சுருதி விலகினால் தொடையில் தட்டி நிறுத்துவார். 'மறுபடி பாடு' என்பார். மாணவன் ஆசிரியரின் இசையை நோக்கி ஏறி வர வேண்டும். பாடம் என்றால் அப்படித்தான், அதில் தப்பில்லை.

ஆனால், பேச்சே வராத குழந்தையிடம் 'என்னைப் போல் பாடு' என்று சொல்ல முடியுமா? நோர்டாஃப் அதைத் தலைகீழாக மாற்றினார். குழந்தை எந்தச் சத்தம் எழுப்புகிறதோ, அதுதான் அன்றைய பாட்டு. குழந்தை மேஜையைத் தட்டினால், அதுதான் தாளம். ஆசிரியரின் இசை, குழந்தை இருக்கும் படிக்கட்டுக்கு இறங்கி வர வேண்டும்.

நோர்டாஃபும் ராபின்ஸும் சேர்ந்து எழுதி 1977-ல் வெளிவந்த புத்தகத்தில் ஒரு சிறுவனின் கதை இருக்கிறது. முதல் நாள் வகுப்புக்கு அழைத்து வந்ததுமே கத்தி அழ ஆரம்பித்துவிட்டான். வேறு யாராக இருந்தாலும் முதலில் அழுகையை நிறுத்தப் பார்த்திருப்பார்கள். நோர்டாஃப் நிறுத்தவில்லை. அந்த அலறல் எந்த ஸ்தாயியில் இருந்ததோ, அதற்குப் பொருந்துகிற ஸ்வரங்களை பியானோவில் வாசித்தார். அலறல் உயர்ந்தால் இசையும் உயர்ந்தது. கொஞ்ச நேரத்தில் சிறுவனின் அழுகை, பியானோவின் சுருதியோடு வந்து சேரத் தொடங்கியது. அழுகையும் பாட்டுமாக ஒரு குரல்! தன் சத்தத்துக்குப் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்பதை அந்தப் பிள்ளையின் காது கண்டுபிடித்துவிட்டது.

ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் ஓர் 'இசைக் குழந்தை' இருக்கிறது என்பது இவர்களுடைய கொள்கை. வெளியே தெரிகிற குறைபாடு எத்தனை பெரிதாக இருந்தாலும், உள்ளே இசைக்குப் பதில் சொல்ல ஒருவன் காத்திருக்கிறான் என்று நம்பினார்கள். எல்லா உயிருக்குள்ளும் அந்தர்யாமியாக இறைவன் இருக்கிறான் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது, இல்லையா?

தீட்சிதர் செய்ததும் ஏறக்குறைய இதேதான். மத்தளக்காரனிடம் தாளத்தின் வழியாகப் பேசினார். இவர் அழுகிறவனிடம் அழுகையின் வழியாகப் பேசினார். இருவருமே முதலில் செய்த காரியம் பாடுவது அல்ல, கேட்பது.

மருத்துவமனை சொல்லும் சாட்சி

'அதெல்லாம் சரி, இன்றைய மருத்துவம் இதை ஒப்புக்கொள்கிறதா?' என்று உங்கள் வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை கேட்கலாம். கேட்கட்டும், நல்ல கேள்விதான்.

'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இசை உதவுகிறதா என்று பார்த்த 73 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து அலசியது அது. ஏறக்குறைய 7,000 நோயாளிகள். ஆபரேஷனுக்கு முன்போ, நடக்கும்போதோ, முடிந்த பிறகோ இசை கேட்டவர்களுக்கு வலி குறைந்திருந்தது. பதற்றம் குறைந்திருந்தது. வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

பலே என்று கை தட்டத் தோன்றுகிறது அல்லவா? அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. இசை கேட்டதால் அவர்கள் ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்கள் குறையவில்லை. அதாவது, புண் ஆற எடுத்துக்கொள்ளும் காலத்தை அது எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தைத் தாங்கிக்கொள்ளும் தெம்பை இசை கொடுத்தது.

இன்னொன்றையும் பாருங்கள். பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன சிலருக்கு, 'தண்ணீர்' என்ற ஒரு வார்த்தை வாயில் வராது. ஆனால், பழகிய பஜனைப் பாட்டை வரிசையாகப் பாடிவிடுவார்கள். வீட்டில் பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் இதைக் கண்டு ஆச்சரியப்பட்டிருப்பீர்கள். பேச்சுக்கான மூளைப் பகுதி பழுதுபட்டாலும் பாட்டு வேறு வழியாக வந்துவிடுகிறது. இதைப் பயன்படுத்தி, வார்த்தைகளை ராகம்போல் இழுத்துச் சொல்லவைத்து, மெள்ள மெள்ளப் பேச்சுக்குக் கொண்டுவரும் சிகிச்சை முறையை அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் 1973-ல் வெளியிட்டார்கள். இதிலும் கவனியுங்கள்... பாட வேண்டியவர் நோயாளி!

உத்தரவாதம் தருபவர் யார்?

இசைக்கு இவ்வளவு சக்தி இருப்பதாலேயே, அதை வைத்து வியாபாரம் செய்பவர்களும் வருகிறார்கள். ஆனந்தபைரவி கேட்டால் ரத்த அழுத்தம் இறங்கும், இன்ன ராகத்துக்குச் சர்க்கரை போகும் என்று பட்டியல்கள் கைக்குக் கை, செல்போனுக்குச் செல்போன் சுற்றுகின்றன. கேட்பதால் ஒரு நஷ்டமும் இல்லை. நல்ல சங்கீதம் வீட்டில் ஒலிப்பது நல்லதுதான். ஆனால், அந்தப் பட்டியலை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால்?

நம் நாட்டில் 1954-ல் ஒரு சட்டம் வந்தது. நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட குறிப்பிட்ட நோய்களைத் தீர்ப்பதாகச் சொல்லி மருந்துகளுக்கும் மாய சிகிச்சைகளுக்கும் விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவையும் அந்த மாய சிகிச்சைகளின் விளக்கத்துக்குள் வருகின்றன. சட்டம் நம் பக்திக்கு விரோதி அல்ல. நீங்கள் கவசம் சொல்வதை அது தடுக்கவில்லை. 'கவசம் தருகிறேன், நோய் போகும், பணம் கொடு' என்று கூவுவதைத்தான் தடுக்கிறது.

இசை சொல்லிக்கொடுப்பவர் கட்டணம் வாங்கக் கூடாதா? தாராளமாக வாங்கலாம். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, நேரம் கொடுத்து, மனதைக் கொடுத்து வாசிப்பவர் அந்த உழைப்புக்குக் கூலி பெறுவதும் நியாயமே. பாட்டுக்குக் கூலி கேட்கலாம். பலனுக்கு விலை பேசக் கூடாது. ஏனென்றால், பலன் அவருடைய சரக்கு அல்ல. கடமையைச் செய், பலனை என்னிடம் விடு என்று கண்ணன் சொன்னது பாடுபவருக்கு மட்டுமா? பாடிக் குணப்படுத்துகிறேன் என்று கிளம்புகிறவருக்கும்தானே!

ஆகவே, நாத சிகிச்சை என்று யாராவது உங்களை அழைத்தால், தீட்சிதரையும் நோர்டாஃபையும் மனதில் வைத்துக்கொண்டு அவரைப் பாருங்கள். பாடுவதற்கு முன் உங்கள் வலியை அவர் கேட்கிறாரா? டாக்டரிடம் போகாதே என்று சொல்லாமல் இருக்கிறாரா? கடைசியில் உங்கள் குரலிலேயே ஒரு பாட்டை விட்டுச் செல்கிறாரா, அல்லது காலம் முழுக்கத் தன்னிடமே வந்துகொண்டிருக்கும்படி செய்கிறாரா? இந்த மூன்று போதும், நெல்லையும் பதரையும் பிரித்துவிடலாம்.

கண்ணும் ஊன்றுகோலும்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். மனம் உருகிப் பாடியும் நோய் தீரவில்லையே, குறை யாரிடம்?

சுந்தரரைவிட நெருக்கமாக இறைவனிடம் பழகியவர் யார்? தம்பிரான் தோழர் என்றே அவருக்குப் பெயர். சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பியதும் அவருடைய இரு கண்களும் பார்வை இழந்தன. அந்த நிலையிலும் ஊர் ஊராகப் போய்ப் பாடினார். திருவெண்பாக்கத்தில் பாடினார். கண் கிடைக்கவில்லை. கிடைத்தது ஓர் ஊன்றுகோல்! கோபத்தில் அந்தக் கோலை அவர் வீசி எறிய, அது பட்டு நந்தியின் கொம்பு முறிந்தது என்று அந்தத் தலத்தில் சொல்வார்கள். ஊன்றுகோல் கொடுத்ததாலேயே அங்கே சுவாமிக்கு ஊன்றீஸ்வரர் என்று திருநாமம். பிறகு காஞ்சியில் பாடியபோது இடக்கண் கிடைத்தது. திருவாரூரில் பாடிய பிறகுதான் வலக்கண் கிடைத்தது.

சொல்லுங்கள்... திருவெண்பாக்கத்தில் சுந்தரர் மனசு ஒன்றிப் பாடவில்லையா? அதே நாவு, அதே தமிழ், அதே அன்பு. காஞ்சியில் கண் கொடுத்தவர், வெண்பாக்கத்தில் கோலைத்தான் கொடுத்தார். ஏன் என்று கேட்டால், அது கொடுப்பவனின் சித்தம். பாடியவரின் தகுதிக்குப் போட்ட மதிப்பெண் அல்ல அது. கோபித்துக்கொண்டார் என்பதற்காகத் தோழமையும் முறிந்துவிடவில்லை.

சில பாட்டுகளுக்குக் கண் கிடைக்கிறது. சில பாட்டுகளுக்கு ஊன்றுகோல் கிடைக்கிறது. ஊன்றுகோல் வெறுங்கை அல்லவே! திருவெண்பாக்கத்திலிருந்து காஞ்சி வரை சுந்தரர் நடந்தது அதைப் பிடித்துக்கொண்டுதானே? நோய் தீராவிட்டாலும் அந்த ராத்திரியில் வலி கொஞ்சம் அடங்கியதே, பயந்த முகம் கொஞ்சம் தெளிந்ததே, உங்கள் குரலைக் கேட்டபடி அந்தக் கண்கள் அமைதியாக மூடினவே... அது ஊன்றுகோல். ஆஸ்பத்திரி நாட்கள் குறையவில்லை, ஆனால் வலி குறைந்தது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதும் இதைத்தான்.

'அப்படியானால் நம்பிக்கைக்கு அர்த்தமே இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால், 'முழு நம்பிக்கை வைத்தால் முழுக் குணம், அரை நம்பிக்கைக்கு அரைக் குணம்' என்று ஆக்கிவிட்டால், பிரார்த்தனை கடைத் தராசு ஆகிவிடும். குணமானவர்கள் எல்லாம் பக்தர்கள், ஆகாதவர்கள் எல்லாம் நம்பிக்கை இல்லாதவர்கள் என்று முடியும். அப்படிப் பேசுவது பக்தி அல்ல. துக்கத்தில் இருப்பவர் மேல் இன்னொரு கல்லை ஏற்றுவது.

திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதன் கடைசிக் குறளில், வைத்தியம் என்பது நான்கு சேர்ந்தது என்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக அருகில் இருந்து பார்த்துக்கொள்பவர். ஈரத்துணியை மாற்றியபடி கவசம் சொன்ன அந்தத் தாய் இருக்கிறாளே, அவள்தான் அந்த நான்காவது அங்கம். அவள் பாட்டு அவள் செய்த பணிவிடை. குணப்படுத்துவதாக அவள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. உடனிருப்பதாக மட்டுமே நின்றாள். அதை அவள் குறைவில்லாமல் செய்தாள். நடுவில் பாலை இறக்கி வைக்க எழுந்தாளே, அதுவும் அந்த வீட்டுக்கான பணிவிடைதான். அதற்காகவா கோபித்துக்கொள்வான் கந்தன்?

கடைசிப் பாட்டு

எட்டயபுரம். 1835-ஆம் ஆண்டு தீபாவளித் திருநாள். தம்பியப்பனுக்காகப் பாட்டுக் கட்டிய தீட்சிதர் உலகை விட்டுப் புறப்படும் நேரம். கிரகங்களுக்கெல்லாம் கீர்த்தனை தந்தவர், தன் ஆயுளை நீட்டிக்க ஒரு கீர்த்தனை இயற்றவில்லை. 'மீனாக்ஷி மே முதம்' என்ற தன் கீர்த்தனையைப் பாடும்படி சீடர்களிடம் சொன்னார் என்றும், அதைக் கேட்டபடியே அம்பிகையின் திருவடியில் கலந்தார் என்றும் சொல்வார்கள்.

அன்றைக்கு அந்தச் சீடர்களின் பாட்டு பலிக்கவில்லை என்று யாராவது சொல்வார்களா? குருவின் உயிரை அது பிடித்து நிறுத்தவில்லை. ஆனால், அவர் தனியாகப் போகவில்லை. தான் கற்றுக்கொடுத்த நாதம் உடன் வரப் போனார். சீடனுக்கு வலி தீர ஒரு பாட்டு, தனக்கு விடைபெற ஒரு பாட்டு. இரண்டையும் ஒரே மனதோடு ஏற்றுக்கொள்ளத் தெரிந்திருந்தது அந்த மகானுக்கு.

உங்கள் வீட்டில் நோயாளி யாராவது இருந்தால், வேளைக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். உங்களுக்குத் தெரிந்த பாட்டைவிட, அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று முதலில் கேளுங்கள். அவர் மூச்சு விடும் வேகத்துக்கு உங்கள் குரலை இறக்கிப் பாடுங்கள். நாலு வரி பாடியதும் அவர் உதடு லேசாக அசைந்தால், நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சத்தை அவர் பாடட்டும். தாளம் மட்டும் நீங்கள் போட்டால் போதும்.